வறண்ட துளைகளின் நூலகம்

துழாவியின் வறண்ட துளைக் கணக்கில் திருச்செங்கோடு என்று ஒரு ஊரே கிடையாது.

ஆழ்துளை போடும் ரிக் வண்டிகளின் சங்கக் கட்டடத்து மாடியில், நூலக அறையில் உட்கார்ந்துகொண்டு, சம்பூர்ணம் அதை மறுபடியும் கேட்டுப் பார்த்தாள். "ஆழமான, சொட்டு ஈரமில்லாத கல்துளைகள் எந்த ஊரில் அதிகம்?"

மேசை மேலிருந்த உள்ளங்கையளவு தகடு கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ராயலகுண்டா" என்றது. ஆந்திரத்தில் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கிற ஊர்.

எதிரே நாற்காலியில் இருந்த பொங்கியண்ணனுக்குச் சுருக்கென்றது. "ராயலகுண்டாவுல துளை போட்டது ஆருன்னு கேளு அதுகிட்ட. நம்மூரு வண்டி போட்டது. என்ற மச்சான் ஒரு வருசம் அங்கயே சோறாக்கித் தின்னுட்டுக் கிடந்தான்."

"அது எனக்குத் தெரியுமுங்க மாமா. துழாவிக்குத் தெரியாதுங்களே."

"தெரியாததுக்கு எதுக்கு வாய்?"

பொங்கியண்ணன் ரிக் சங்கத் தலைவர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிவிட்டு ரிக்கில் ஏறியவர். இந்தியாவில் அவர் வண்டியின் கல்லைக் குடையும் பிட்டு இறங்காத மாநிலம் இல்லை. பேசுகிற இயந்திரம் எதையும் அவர் நம்பியதில்லை. பேசுகிற மனிதனையே பாதிதான் நம்புவார். நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் சம்பூர்ணத்தை மட்டும் முக்கால்வாசி நம்பினார். ஏனென்றால் அவள் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவாள்.

ஒரு காலத்தில் தேடுபொறி என்று இருந்தது. ஒன்றைக் கேட்டால் பத்து இடத்தைக் காட்டும். கேட்டவன் பார்த்துப் பொறுக்கிக்கொள்வான். இப்போது அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. துழாவி ஒரே ஒரு பதிலைச் சொல்லும். சொன்னதுதான் உலகம். நடுவில் சில வருடங்கள் இயந்திரங்கள், யாரும் எடுக்காத படத்தையும் யாரும் பேசாத பேச்சையும் வண்டி வண்டியாக உற்பத்தி செய்து கொட்டி ஊரை நாறடித்துவிட்டன. எது மெய், எது சரக்கு என்று யாருக்கும் தெரியாமல் போனது. அதிலிருந்து துழாவி எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை, பதிந்த குரல் எதையும் கேட்பதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் மனிதன் ஒருவன் எழுதிக் கைரேகை வைத்த கைச்சீட்டு இருக்கும். இது இன்னது, இன்ன இடத்தது, இன்னாருடையது, கடைசியில் இப்படி முடிந்தது என்று. அதை மட்டும்தான் வாசிக்கும். பொய்ச் சீட்டு ஒன்று பிடிபட்டால் அந்த நூலகத்தையே இருட்டில் தள்ளிவிடும், அப்புறம் மீட்சியில்லை. ஆனால் சீட்டு எழுதாமல் சும்மா இருந்தால் குற்றமில்லை. சீட்டில்லாத பொருள் குற்றவாளியும் இல்லை, சாட்சியும் இல்லை. அது இல்லவே இல்லை.

திருச்செங்கோட்டு ஆழ்துளை நூலகத்தில் அப்படி இல்லாமல் கிடந்த பொருள்கள்தான் பெரும்பாகம்.

சங்கத்து வண்டி ஒவ்வொன்றின் கோபுரத்திலும் ஒரு செவிப்பெட்டி இருந்தது. எத்தனை அடி போட்டீர்கள் என்று தோட்டக்காரன் சண்டைக்கு வந்தால் காட்டுவதற்காக முன்னோர் மாட்டியது. பிட்டு கல்லைத் தட்டுகிற சத்தம், துளைக்குள் இரும்பு ராடு ஏறி இறங்குவது, ஆள்கள் பேசுவது எல்லாவற்றையும் அது பதிந்து வைத்தது. கொடி கட்டிப் பறந்த காலத்தில் சங்கம் அத்தனையையும் வாங்கிச் சேர்த்து, மாடி கட்டி, நூலகம் என்று பெயர்ப்பலகையும் மாட்டியது. தண்ணீர் அடித்த துளைகளுக்கெல்லாம் ஆளாளுக்கு வந்து கைச்சீட்டு எழுதினார்கள். கோயில் கல்வெட்டுத் தோற்றுப்போகும்.

பொய்த்த துளைக்கு ஒருவரும் எழுதவில்லை. அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. துளை பொய்த்தது என்று தெரிந்தால், கடைசி ராடு மேலே வருவதற்கு முன்னால் செவிப்பெட்டியை அணைத்துவிட வேண்டும். 'பொய்த்தது' என்று வாயால் சொல்லக் கூடாது. தோட்டக்காரனிடம் 'கல்லு நல்ல கல்லுங்க' என்று மட்டும் சொல்ல வேண்டும். கிளம்பும்போது 'வர்றோம்' என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட வேண்டும். பொய்த்த இடத்தில் ரிக்காரனுக்கு மறுவரவு இல்லை.

ஆக, முடிவு என்னவென்று பதியாத பதிவுகள் மலைபோலக் கிடந்தன. முடிவில்லாததற்கு ஏது சீட்டு?

"மாமா, நல்லாக் கேளுங்க" என்றாள் சம்பூர்ணம். "கல்கனல் வாரியம் இந்த மாசக் கடைசியில தாய்நிலையம் எங்கன்னு முடிவு பண்ணுது. துழாவி எந்த ஊரைச் சொல்லுதோ அந்த ஊருக்குத்தான். சுத்துப்பட்டு அத்தனை துளை வேலையும் அந்த ஊரு வண்டிகளுக்கு. துளை எந்த ஊருக் காட்டுல இருந்தாலும், சீட்டு எந்த நூலகத்துல இருக்குதோ அந்த ஊருக் கணக்குத்தான். நாம சீட்டு எழுதினா நம்மளச் சொல்லும். எழுதலைன்னா ராயலகுண்டாதான்."

கல்கனல் என்பது பெரிய சூத்திரமில்லை. பகலில் வெயில் கொடுக்கிற சூட்டை ஆழமான துளை வழியாகப் பாறைக்குள் இறக்குவது. பாறை அதைத் தோசைக்கல் மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். இரவில் திரும்ப எடுத்து மின்சாரம் பண்ணுவது. ஒரே ஒரு நிபந்தனை, பாறையில் ஈரம் இருக்கக் கூடாது. காய்ந்த கல்லில் தண்ணீர் தெளித்தால் சூடெல்லாம் ஆவியாகப் போய்விடும் அல்லவா, அதுபோல. உலகமே இப்போது வறண்ட துளைக்கு நாயாக அலைந்தது.

திருச்செங்கோட்டுக்கும் அது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. தண்ணீருக்குத் துளை போடக் கூடாது என்று தடைச்சட்டம் வந்து நாளாகிவிட்டது. இருந்த துளைகளுக்கும் இரும்பு மூடி போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு உப்பு நீக்கிய கடல் குழாய்த் தண்ணீர்தான். வண்டிகள் காடுகரைகளில் துருப்பிடித்து நின்றன. பொங்கியண்ணனின் வண்டிக் கோபுரத்தில் கோவைக்கொடி ஏறிப் பழம் பழுத்துக் கிடந்தது. அந்த வண்டியை ஓட்ட வேண்டிய மகன் மாரப்பன் ஓசூரில் ஏதோ கிடங்கில் பெட்டிக்குச் சீல் குத்திக்கொண்டிருந்தான். பொங்கியண்ணன் அதை வெளியில் யாரிடமும் சொல்வதில்லை.

"அதுக்காக?" என்றார். "என்ற வண்டி இங்க பொய்ச்சுது, அங்க பொய்ச்சுதுன்னு ஊரெல்லாம் தண்டோராப் போடச் சொல்றியா அம்மிணி? என்ற தாத்தன் காலத்துல இருந்து அந்த வார்த்தையை வாயில எடுத்ததில்ல. நீ கைரேகை வெச்சு எழுதச் சொல்ற."

"சரிங்க. அப்ப ராயலகுண்டாக்காரன் எழுதட்டும். நம்ம வண்டி போட்ட துளைக்கு அவன் பேரு எழுதிக்கட்டும்."

"வாய் நெம்ப நீளம் உனக்கு."

"அதனாலதானுங்க என்னைய வேலைக்கு வெச்சீங்க."

அவள் எழுந்துபோய் ஒரு பதிவை எடுத்து ஓடவிட்டாள். தாராபுரம் பக்கம் ஒரு தோட்டம். கம்ப்ரசர் கத்துகிறது. பிட்டு கல்லைத் தட்டுகிறது. அதற்கு மேல் தோட்டக்காரன் குரல், பயத்தோடு: "ஏனுங், ஈரம் தட்டுதுங்களா?" பொங்கியண்ணனின் குரல், இளசாக, திமிராக: "கல்லு நல்ல கல்லுங்க." அப்புறம் ஒரு கிளிக். அவ்வளவுதான்.

பொங்கியண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகக் காதைத் திருப்பினார்.

"அம்மிணி, மறுக்கா ஓட்டு. என்ற பேச்ச உடு. பிட்டுச் சத்தத்தைக் கேளு."

ஓட்டினாள். டங் டங் டங் என்று ஒரே சுருதி. மேலேயிருந்து அடிவரைக்கும் ஒரு இடத்தில்கூட அந்தச் சத்தம் உடையவில்லை. பொந்து இல்லை, வெடிப்பு இல்லை, சறுக்கல் இல்லை. ராடு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் சத்தம் நொண்டியிருக்கும். நொண்டவில்லை.

"தூக்குக் குண்டு உட்ட மாதிரி எறங்கியிருக்குது பாரு" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. "அன்னைக்கு எனக்கு இது தெரியல. தண்ணி வல்லியேன்னு தலையத் தொங்கப் போட்டுட்டு வந்தேன். இப்படி ஒரு துளையை எவன் போட்டான்? ராயலகுண்டாக்காரனைப் போடச் சொல்லு பாக்கலாம்."

சம்பூர்ணம் வெற்றுச் சீட்டு ஒன்றைத் திரையில் திறந்து அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"'பொய்ச்சுது'ன்னு எழுதாதே" என்றார். "'வறண்ட துளை, சுத்தமான கல்'னு எழுது. அப்புறம், போட்டது பொங்கியண்ணன்னு பெருசா எழுது." கட்டை விரலை வேட்டியில் துடைத்துவிட்டு அழுத்தினார்.

மறுநாளிலிருந்து சங்கக் கட்டடத்துப் படிக்கட்டில் இடமில்லை.

செய்தி எப்படித்தான் போனதோ, ஊரிலிருந்த பழைய ரிக்காரர்கள் அத்தனை பேரும் மாடியேறினார்கள். தங்கள் குரலைத் தாங்களே கேட்டு, இது என் துளை, இது உன் துளை என்று பிடித்துப் பிடித்துச் சீட்டு எழுதினார்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த நிறத்துத் தூள் பறந்தது என்று ஒவ்வொருவனுக்கும் மனப்பாடம். இத்தனை காலமும் வாயைத் திறக்காதவர்கள், திறந்தபிறகு மூட மாட்டேன் என்றார்கள்.

"எனக்கு வரிசையா ஏழு பொய்ச்சுதப்பா" என்று ஒருவர் மார்தட்டினார்.

"ஏழா? ஏழெல்லாம் ஒரு கணக்கா? நானு பெல்லாரிப் பக்கம் போனேன், ஒரு வருசம் முழுக்கச் சொட்டுத் தண்ணி பாக்கல. தோட்டக்காரன் அருவாளத் தூக்கிட்டு ஓடியாந்தான்."

"உனக்கெல்லாம் தண்ணி வந்துச்சப்பா. அந்தக் கொடுமுடித் துளைய மறந்துட்டியா?"

"அது என்ற துளையில்ல! என்ற தம்பி துளை!" என்று பெல்லாரி போனவர் சத்தியம் பண்ணாத குறைதான்.

நூலகத்தின் ஒரு மூலையில் உட்கார்ந்து பொங்கியண்ணன் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. தப்பு என்று ஒளித்து வைத்ததையெல்லாம் ஊரே தலைமேல் தூக்கி வைத்து ஆடுகிறது. எப்பேர்ப்பட்ட ஊர்! தோற்றாலும் ஒன்றுக்குப் பத்தாகத் தோற்ற ஊர்.

சீட்டுகள் ஏறி முடிந்த அன்று சம்பூர்ணம் தகட்டிடம் பழைய கேள்வியையே கேட்டாள்.

"ராயலகுண்டா" என்றது துழாவி.

"கெரகம் புடிச்ச கருமாந்திரம்" என்றார் பொங்கியண்ணன். "நாஞ் சொன்னேன்ல, அத நம்பக் கூடாதுன்னு!"

காரணத்தைச் சொன்னவர் கல்கனல் வாரியத்து அதிகாரி தேவசகாயம். தூத்துக்குடிக்காரர். இரண்டு ஊரையும் நேரில் பார்க்க வந்தவர், காரைவிட்டு இறங்கும்போதே காதில் துழாவிப் பொட்டு ஒட்டியிருந்தது. யார் என்ன சொன்னாலும் அது சரிதானா என்று அதனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தலையாட்டுவார்.

"உங்ககிட்ட வறண்ட துளை ஏராளமா இருக்கு அண்ணாச்சி. நான் இல்லங்கல. ஆனா அதுக்குப் பக்கத்துலயே தண்ணி அடிச்ச துளைக்கும் நீங்களே சீட்டு வச்சிருக்கியளே. 'பொங்கு ஊத்து', 'கங்கை மாதிரி வந்தது'ன்னு எழுதி வச்சிருக்கு. துழாவி அதையும் வாசிக்குமுல்லா? ஈரமுள்ள ஊருன்னு மார்க்கைக் குறைச்சிருது."

"ராயலகுண்டாவுல தண்ணி அடிக்கலியா?"

"அடிச்சிருக்கும். அவங்க அதுக்குச் சீட்டு எழுதல."

தேவசகாயம் போன பிறகு சங்கம் கூடியது. பேச்சு நீளவில்லை. தண்ணீர் அடித்த துளைகளின் சீட்டுகளை எடுத்துவிடுவது என்று முடிவானது. பதிவுகளை அழிக்கப் போவதில்லை. சீட்டை மட்டும் உருவிவிடுவது.

சம்பூர்ணம் எழுந்து நின்றாள். "இது நூலகமுங்க. தேடறவங்க கண்ணுக்குப் படற மாதிரி வைக்கறதுதான் என்ற வேலை. கண்ணுல இருந்து மறைக்கறது இல்ல."

"பொய்யா சொல்லச் சொல்றோம்?" என்றார் பொங்கியண்ணன். "சும்மா இருக்கச் சொல்றோம். இத்தனை நாளும் பொய்ச்சதைச் சொல்லாம இருந்தோம். இனிமே அடிச்சதைச் சொல்லாம இருப்போம். என்ன வித்தியாசம்?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன். என்ன வித்தியாசம்?"

அந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. கையைத் தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் உயர்ந்தது. அவர் கையும்.

உருவ வேண்டிய சீட்டுகளில் ஒன்று அவருடையது. அவருடைய சொந்தத் தோட்டத்துத் துளை. கல்யாணமான புதிதில் தனக்கென்று போட்டுக்கொண்டது. அன்று தண்ணீர் கோபுரத்துக்கு மேலே எழும்பி, வண்டியையும் ஆள்களையும் புதுப்பெண்ணையும் நனைத்தது. அந்தச் சீட்டில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். சம்பூர்ணம் அதைத் திரையில் காட்டி, "இதுவுமுங்களா மாமா?" என்றாள்.

தோட்டத்தில் அந்தத் துளை இரும்பு மூடிக்குக் கீழே முத்திரையோடு கிடக்கிறது. அதற்கு மேல் மண்ணும் எருவும் ஏறி, இப்போது ஆட்டுப்பட்டி. சீட்டும் போனால் அப்படி ஒன்று இருந்ததற்கு அவரைத் தவிர ஆளில்லை. புதுப்பெண்ணும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"மாரப்பன் ஓசூர்ல சீல் குத்திட்டுக் கெடக்கறான்" என்றார். அது பதிலா என்று அவள் கேட்கவில்லை. உருவிவிட்டாள்.

அதற்குப் பிறகு துழாவிக்கு ஒரே ஊர்தான் தெரிந்தது. ஆழமான துளை எங்கே என்றால் திருச்செங்கோடு. சுத்தமான கல் எங்கே என்றால் திருச்செங்கோடு. உலகத்திலேயே மிக வறண்ட இடம் எது என்று யாரோ ஒரு குழந்தை கேட்டதற்கும் திருச்செங்கோடு என்றதாம். பாலைவனங்கள் சீட்டு எழுதத் தெரியாமல் பின்தங்கிவிட்டன. ஒவ்வொரு பதிலுக்கும் கடைசியில் துழாவி ஆதாரம் சொல்லும்: "திருச்செங்கோடு ஆழ்துளை நூலகம்." அதைக் கேட்பதற்காகவே டீக்கடையில் ஆள்கள் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டார்கள்.

தாய்நிலையம் வந்தது. வண்டிகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். மாரப்பன் ஓசூரை விட்டு வந்து, கோபுரத்திலிருந்த கோவைக்கொடியைத் தானே அறுத்தெறிந்தான். ஊரில் சில சங்கடங்களும் வரத்தான் செய்தன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் குடிதண்ணீரைக் கையோடு கொண்டு வந்தார்கள், கடல் குழாய் வீட்டுக்குள் ஓடுவதைக் கண்ணால் பார்த்தபிறகும். மாரப்பனுக்குக் கரூர்ப் பக்கம் பெண் கேட்டுப்போனபோது, "மாப்பிள்ளை தங்கமானவருங்க, ஊருதான் உலகத்துலயே வறண்ட ஊராமா" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

"உலகத்துலயேன்னு சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டார் பொங்கியண்ணன்.

ரிக்காரர்களின் பூசைகூட மாறிப்போனது. முன்பெல்லாம் பிட்டு இறக்குமுன் தேங்காய் உடைப்பார்கள். தேங்காயில் தண்ணீர் இருக்கிறதே என்று யாரோ சந்தேகம் கிளப்ப, இப்போது கொப்பரை வைத்துக் கும்பிட்டார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தேவசகாயம் ஒருநாள் காலையில் வரைபடத்தோடு பொங்கியண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணாச்சிக்கு நல்ல சேதி. தாய்நிலையத்தோட நடுத்துளை, அதாவது மத்த துளையெல்லாம் வந்து சேருற தலைத்துளை, உங்க தோட்டத்துலதான். சுத்தி வர எல்லாம் வறண்ட துளை. நடுவுல உங்க எடம் மட்டும் வெறுமையா கெடக்கு. இத விடச் சுத்தமான எடம் கெடையாதுன்னு துழாவி சொல்லுது."

பொங்கியண்ணன் ஆட்டுப்பட்டியைப் பார்த்தார். "அங்க தண்ணி இருக்குதுங்க" என்றார்.

தேவசகாயம் சிரித்தார். தலையைச் சாய்த்துக் காதுப் பொட்டிடம் ஏதோ முணுமுணுத்தார். "இல்லையாம் அண்ணாச்சி."

"என்ற தோட்டமுங்க. நானு போட்ட துளை. என்ற மேல தெறிச்ச தண்ணி."

"நூலகத்துல இல்லையே? உங்க நூலகம்தான் உலகத்துலயே பெரிசு. அதுல இல்லாதது எப்படி இருக்கும்?"

எப்படி இருக்கும்? சீட்டைத் திரும்ப எழுதிவிடலாம். சம்பூர்ணத்திடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஊருக்கு மார்க் குறையும், ஒருவன் எழுதினால் இன்னொருவனுக்கும் மனசு வரும், கொஞ்ச நாளில் நிலையம் ராயலகுண்டாவுக்குப் போய்விடும், மாரப்பன் ஓசூருக்குப் போய்விடுவான். வாசலில் மகன் புது வண்டிக் கோபுரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பன் தோட்டத்தில் தலைத்துளை தன் கையால் என்று அவன் முகம் மின்னியது.

"போடுங்க" என்றார் பொங்கியண்ணன்.

ஆட்டுப்பட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். பந்தல் போட்டார்கள். சங்கத்து ஆள்கள் அத்தனை பேரும் வெள்ளை வேட்டியில் வந்தார்கள். சம்பூர்ணம் வந்து ஓரமாக நின்றாள். அவள் பொங்கியண்ணனைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்க்கவில்லை. கொப்பரைக்குச் சூடம் காட்டினார்கள். மாரப்பன் செவிப்பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டு முடுக்கிவிட்டான்.

கம்ப்ரசர் உறுமியது. கல்தூள் வெள்ளையாகப் பறந்து பந்தலெல்லாம் படிந்தது. வெள்ளை வேட்டிகள் இன்னும் வெள்ளையாயின. "சுத்தம், சுத்தம்" என்றார் தேவசகாயம். டங் டங் டங். பொங்கியண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். பையன் கை அவர் கை மாதிரியே இருந்தது. ராடு தூக்குக் குண்டு விட்ட மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பெருமையில் நெஞ்சு விம்மியபோதே சத்தம் ஒருதரம் நொண்டியது.

அவருக்கு மட்டும்தான் கேட்டது. அப்புறம் மாரப்பனுக்கும் கேட்டது. அவன் திரும்பி அப்பனைப் பார்த்தான்.

பறந்த தூள் சாம்பல் நிறமானது. பிறகு பறக்காமல் உதிர்ந்தது. பிறகு சேறாகத் துப்பியது. கண்மூடித் திறப்பதற்குள் தண்ணீர் வாயைப் பிளந்துகொண்டு கோபுரத்துக்கு மேலே எழும்பிவிட்டது.

ஒருவரும் கத்தவில்லை. இதே இடத்தில் முன்பு தண்ணீர் எழும்பியபோது ஊரே குலவை போட்டது. இப்போது பந்தலில் இருந்தவர்கள், செத்த வீட்டில் நிற்கிற மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நனைந்தார்கள். தேவசகாயம் காதுப் பொட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "இல்லன்னுதான் சொல்லுது, இன்னும் இல்லன்னுதான் சொல்லுது" என்றபடி கார் பக்கம் ஓடினார்.

கடைசி ராடு மேலே வருவதற்கு முன்னால் மாரப்பன் எட்டிச் செவிப்பெட்டியை அணைத்தான். கிளிக் என்றது.

இறங்கி வந்தான். சொட்டச் சொட்ட அப்பன் முன்னால் நின்றான். தோட்டக்காரனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டுமே. "கல்லு…" என்று ஆரம்பித்தான். அது வரவில்லை. "தண்ணி நல்ல தண்ணிங்கப்பா" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு வண்டியில் ஏறினான். 'வர்றேன்' என்று சொல்லவில்லை. சொந்த வீட்டு வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வண்டியை எடுத்துவிட்டான். சங்கத்து ஆள்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

தோட்டத்தில் பொங்கியண்ணனும் சம்பூர்ணமும் ஆடுகளும்தான் மிச்சம். ஆடுகள் மட்டும் நாகரிகம் பார்க்காமல் ஓடிவந்து குடித்தன.

பொங்கியண்ணன் இரண்டு கையையும் குவித்து ஏந்தினார். குடித்தார். கடல் குழாய்த் தண்ணீருக்கு வாயும் இல்லை, முகமும் இல்லை. இதற்குக் கல்லின் ருசி இருந்தது. நாக்கு நுனியில் கொஞ்சம் உப்பு, தொண்டையில் ஜில்லென்ற கனம். அன்றைக்கு அவர் மனைவி முந்தானையைப் பிழிந்துகொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. "இந்தத் தண்ணியில பருப்பு நல்லா வேகாது போலீங்களே." அவளுக்கு எதிலும் ஒரு குறை இருக்க வேண்டும்.

"குடி அம்மிணி."

குடித்தாள். இன்னொரு கை ஏந்திக் குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, நூலகக்காரியாக நிமிர்ந்தாள். "இதுக்குச் சீட்டு எழுதட்டுங்களா மாமா?"

"பெட்டிய அணைச்சுட்டானே. முடிவில்லாத பதிவுக்கு ஏது சீட்டு?"

"நீங்க கண்ணால பாத்தீங்க. நானும் பாத்தேன். கைரேகை வெச்சா ஏத்துக்கும்."

"ஏத்துக்கும். அப்புறம்? நாளைக்கே மூடியும் முத்திரையும் எடுத்துட்டு வருவான். ஊருக்கு மார்க் குறையும். உடு." அவர் சேற்றில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "என்னைக்காவது சூடு வேண்டாம், தண்ணி வேணும்னு அலைவானுங்க. அன்னைக்கு உன்னைய மாதிரி எவளாவது மாடியில உக்காந்து இந்தப் பதிவை ஓட்டிப் பாப்பா. சத்தம் நொண்டறது கேக்கும். என்ற பையன் பேரு அதுல இருக்கும்ல?"

"இருக்குமுங்க."

"போதும்." கையை நீட்டினார். "அந்தத் தகட்டைக் குடு இப்படி. நானும் ஒண்ணு கேட்டுப் பாக்கறேன்."

அவர் துழாவியிடம் வாய்திறந்து எதையும் கேட்டவரில்லை. சம்பூர்ணம் ஆச்சரியத்தோடு கொடுத்தாள். கணுக்கால் மூழ்க உட்கார்ந்தபடி, தகட்டை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காது கேளாதவனிடம் பேசுகிற மாதிரி சத்தமாகக் கேட்டார்.

"ஏனப்பா, இந்தத் தோட்டத்துல தண்ணி இருக்குதா?"

"உங்கள் இடத்தில் நிலத்தடி நீர் இல்லை" என்றது துழாவி. "எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆதாரம்: திருச்செங்கோடு ஆழ்துளை நூலகம்."

பொங்கியண்ணன் நனைந்த மீசையை ஒதுக்கிக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா அம்மிணி" என்றார். "எத்தக் கேட்டாலும் நம்ம பேருதான் வருது."